எர்த் இல்லாத வீட்டில் இரண்டு மொனிட்டர்: தலவாக்கலைப் பக்கத்து மேசைக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையே, வீதியிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில் இருக்கிறது. பழைய லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) கடைசி இரண்டு காம்பராக்கள், இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) அடைத்து எடுத்த ஒரு முன்னறை, பின்னால் விறகடுப்புக் குசினி. கூரை தகரம். மூத்த மகள் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை செய்கிறார். தம்பி உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. ஒரு திரையில் விரிதாளும் மற்றதில் பில்லும் தெரிய வேண்டும், கரண்ட் போனால் எழுதியது போகக் கூடாது, இடி இடித்தால் பயந்து சாகக் கூடாது. அவர்கள் கேட்டது இவ்வளவுதான். மூன்றாவதைக் கேட்கக் காரணம், முன்பிருந்த கணினி ஏப்ரல் மாத இடி ஒன்றில் போனது.

பழையதின் பிரேதப் பரிசோதனை

இடியில் கணினி போனால் “பவர் சப்ளை எரிந்துவிட்டது” என்பதே எல்லோரும் சொல்லும் முதல் தீர்ப்பு. இங்கே அந்தத் தீர்ப்பு தவறு. பவர் சப்ளையைக் கழற்றி, 24 முனைக் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தபோது விசிறி சுற்றியது. மல்டிமீற்றரில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியாக வந்தன. மதர்போர்டில், ரவுட்டரின் கேபிள் செருகும் லேன் சொக்கட்டை ஒட்டியிருந்த சிறிய சிப்பின் முதுகில்தான் குண்டூசித் தலையளவு ஓட்டை. ரவுட்டரின் லேன் துவாரமும் செத்திருந்தது. ரவுட்டரின் அடப்டர் நன்றாகவே இருந்தது.

வழி இப்போது தெளிவு. மேட்டின் மறைவில் 4ஜி சிக்னல் சரியாக விழாததால், கூரைக்கு மேல் ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) பைப் ஒன்றில் வெளி அன்டெனா கட்டியிருந்தார்கள். மின்னல் பக்கத்தில் எங்கோ விழுந்திருக்கிறது. பைப்பின் மேலேயே விழுந்திருந்தால் வீட்டில் எதுவும் மிஞ்சியிராது. தூண்டப்பட்ட மின்னழுத்தம் அன்டெனா கேபிள் வழியே ரவுட்டருக்கும், அங்கிருந்து லேன் கேபிள் வழியே மதர்போர்டுக்கும் வந்து, மின்சார வயரால் வெளியே போயிருக்கிறது. ஒரு கம்பியால் நுழைந்து இன்னொரு கம்பியால் வெளியேறும்போது நடுவில் இருப்பதுதான் சாகும். திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் என்று வாங்கிய, சிவப்பு விளக்கெரியும் “சேர்ஜ்” எக்ஸ்டென்ஷன் கோட் சுவரில் இருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது மின்சாரக் கம்பியை மட்டும்.

சுவரில் அளந்தவை

பாகப் பட்டியல் எழுதுவதற்கு முன்பே மல்டிமீற்றரை எடுத்தது இந்த வேலையில் மிச்சப்படுத்திய முதல் காசு. பழைய கணினியின் இரும்புப் பெட்டியைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வது போலக் கூசும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு தம்பி” என்பதுதான் அம்மா கண்ட மருந்து.

அந்தக் கூச்சம் ஏன் வருகிறது என்று சொல்ல வேண்டும். எல்லாக் கணினிப் பவர் சப்ளையிலும் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சல் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் லைவிலிருந்து பெட்டிக்கு ஒரு சிறிய கொண்டென்சர், நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு இன்னொன்று. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில் தொங்கும்: 230 வோல்ட்டின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் அப்படித் தொங்கும் கணினியில், வேறிடத்தில் எர்த் கிடைத்த மொனிட்டரின் அல்லது ரீவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் கணத்தில் அந்த வித்தியாசம் முழுவதும் கேபிளின் நுனியில் தீர்க்கப்படும். “கேபிளைக் கழற்றி மாட்டினேன், அதன்பிறகு படமில்லை” என்று கடைக்கு வரும் போர்டுகளில் எத்தனை இப்படிப் போனவையோ.

பிளக் பொயிண்டில் லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 97 வோல்ட் காட்டி, எண் நிலைகொள்ளாமல் ஆடியது. நல்ல எர்த் என்றால் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான அளவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். கசிவு கண்டால் கரண்டை அறுக்கும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழுந்தது. அதைப் பார்த்து எர்த் இருப்பதாக வீட்டுக்காரர் நம்பியிருந்தார். அந்தப் பொத்தான் ட்ரிப் சுவிட்சுக்குள்ளேயே கசிவை உண்டாக்கிப் பார்ப்பது. வெளியே எர்த் கம்பி இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

எர்த் வயரைப் பின்தொடர்ந்தால், வீட்டுக் கோடியில் தகரத்துத் தண்ணீர் விழும் இடத்தில் கிளிப் துருப்பிடித்து இற்றுப்போய், வயர் மண்ணில் அடித்த எர்த் கம்பியைத் தொடாமல் தொங்கியது. அதே இடத்தில் புதுக் கம்பி அடிக்கப் பார்த்தபோது இரண்டரை அடியில் பாறை. வீட்டின் கீழ்ப்பக்கம், குளிக்கும் தண்ணீர் வடிந்து மண் எப்போதும் ஈரமாக இருக்கும் ஓரத்தில் செம்பு பூசிய 4 அடிக் கம்பிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று 6 அடி தள்ளி அடிக்கப்பட்டன. இடைவெளி கம்பியின் நீளத்தைவிடக் குறைந்தால் இரண்டாவது கம்பியால் பெரிய பயனில்லை. பித்தளைக் கிளாம்ப், 6 சதுர மில்லிமீற்றர் பச்சை மஞ்சள் வயர். எலக்ட்ரீசியனின் எர்த் மீற்றர் 62 ஓம் காட்டியது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டுக்கு 200 ஓமுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வரண்ட மாதங்களில் மண் காய்ந்து இந்த எண் ஏறும், அதற்கும் இடமிருக்கிறது. எர்த் இல்லையென்று பிளக்குக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்துவிடும் ஆட்களும் உண்டு. வெளியே நியூட்ரல் கழன்றால் கணினிப் பெட்டியில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். அந்த வேலையை யாரும் செய்ய விடாதீர்கள்.

அடுத்தது வோல்டேஜ். இங்கே விதிப்படி 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். அதாவது 216க்குக் குறையக் கூடாது. மாலை ஏழு மணிக்கு 204 இருந்தது. 2000 வாட் கேத்தலைப் போட்டவுடன் 191. மேல் கொத்மலை மின்நிலையத்தின் 150 மெகாவாட் இதே பள்ளத்தாக்கில்தான் பிறக்கிறது, ஆனால் லயத்துக் கடைசிக் காம்பராவுக்கு வந்து சேருவதற்குள் களைத்துவிடுகிறது.

கேத்தல் ஒன்றுக்காக 13 வோல்ட் விழுவது நீண்ட லைனுக்கும் அதிகம். கேத்தல் அந்த நேரம் ஏறத்தாழ 7.2 அம்பியர் இழுக்கிறது, 13ஐ 7.2ஆல் வகுத்தால் 1.8 ஓம். எங்கோ ஒரு மூட்டு சூடாகிறது என்று அர்த்தம். மெயின் சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்தபோது நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்து, வயரின் தோல் கால் அங்குலம் கருகியிருந்தது. எலக்ட்ரீசியன் கருகியதை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கினார். கேத்தலைப் போட்டால் இப்போது 204லிருந்து 197. கரண்ட் போனால் பேட்டரியில் தாங்கும் எந்த யூபிஎஸ்ஸாலும் செய்ய முடியாத திருத்தத்தை ஒரு ஸ்குரூடிரைவர் செய்தது. அப்படியே விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கலாம்.

முன்னறையின் பழைய 5 அம்பியர் உருண்டைப் பொயிண்டைக் கழற்றி, இப்போதைய நியமமான 13 அம்பியர் சதுரப் பொயிண்ட் இரண்டு போடப்பட்டன. உருண்டைப் பொயிண்டில் அடப்டர் வைத்துச் சமாளிப்பவர்கள் பலர். மலிவான அடப்டரில் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக். பிளக்குக்குள் 5 அம்பியர் பியூஸ் போதும், மேசை முழுவதுக்கும்.

மேசைக்கு இடம்

விடிகாலையில் சிமெந்துத் தரையைப் பார்த்து இடம் தேர்ந்தோம். தகரக் கூரையின் அடியில் இரவில் பனி கோத்து, ஆணி வழியே சொட்டும். எங்கே சொட்டுகிறது என்பதைத் தரையில் துருநிறப் புள்ளிகள் வரிசையாகக் காட்டும். அந்த வரிசைக்கு வெளியே மேசை. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, சாரல் அடிக்கும் வெளிச்சுவர் ஆகாது. குசினிச் சுவரும் ஆகாது: விறகுப் புகையின் பிசுக்கும் ஈரமும் சேர்ந்தால் விசிறியில் படியும் தூசு பழுப்புப் பசையாகிவிடும், ஊதினாலும் போகாது, ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பிரஷ்ஷும் வேண்டியிருக்கும். மிஞ்சியது நடுச்சுவர். சுவருக்கும் மேசைக்கும் 15 சென்றிமீற்றர் இடைவெளி. பெட்டியும் எக்ஸ்டென்ஷனும் தரையில் இல்லை, தரை வியர்க்கும்.

கணினி ஓடும்போது ஈரம் எதுவும் செய்யாது, உள்ளே சூடு இருக்கிறது. அணைத்துக் கிடக்கும்போதுதான் ஆபத்து. அறை 16 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 90 சதவீதம் என்றால் 14 பாகைக்குச் சற்று மேலேயே பனி கோக்கத் தொடங்கும். இரவெல்லாம் குளிர்ந்த இரும்புப் பெட்டி அந்த அளவில்தான் இருக்கும்; காலையில் அடுப்பு மூட்டி, சோற்றுப் பானையின் ஆவி வீட்டுக்குள் வந்ததும் பெட்டி வியர்க்கும். இதற்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்பவர்கள் உண்டு. நாலு பக்கமும் துளையுள்ள பெட்டியில் அந்தப் பொட்டலம் ஊரையே காயவைக்க முயன்று ஒரு நாளில் நிறைந்துவிடும். இரவில் முழுதாக அணைக்காமல் ஸ்லீப்பில் விட்டு, தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுவது மேல். இடி எதிர்பார்க்கும் இரவுகள் மட்டும் விலக்கு. பொலித்தீன் உறையும் கூடாது. தூசு வராது என்று போர்த்துவார்கள், ஈரமும் வெளியே போகாது. பழைய பருத்திப் புடைவைத் துண்டு சிறந்த மூடி.

பாகங்கள்

ரைசன் 5 5600ஜி புரொசெசர், பி550எம் மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் 80 பிளஸ் புரொன்ஸ் பவர் சப்ளை, முன்னால் தூசு வலையுள்ள சிறிய பெட்டி. 24 அங்குல 1920×1080 ஐபிஎஸ் மொனிட்டர் இரண்டு. அதில் ஒன்றின் தாங்கி 90 பாகை திரும்ப வேண்டும். 1000 விஏ லைன் இன்டராக்டிவ் (குறைந்த வோல்டேஜைத் தானே தூக்கிக் கொடுக்கும்) யூபிஎஸ், உள்ளே 12 வோல்ட் 7 அம்பியர் மணி பேட்டரி இரண்டு. யூஎஸ்பி வைஃபை டொங்கிள். கம்பியுள்ள கீபோர்ட், மவுஸ், ஹெட்செட்.

தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. கணக்கு வேலைக்கும் உயர்தர மாணவரின் வரைதலுக்கும் 5600ஜியின் உள் கிராபிக்ஸ் தாங்கும். ஆனால் அது ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, அதனால் 16 ஜிபி ஒற்றைத் துண்டைவிட 8 ஜிபி இரண்டு துண்டுகள் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகம். எஸ்எஸ்டி ஓடும் பாதையான பிசிஐஇயில் இந்த புரொசெசர் மூன்றாம் தலைமுறை (3.0) மட்டுமே தரும். விலை கூடிய நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் காசு கொட்ட வேண்டாம். பி550 போர்ட் பழைய கையிருப்பாக இருந்தால் அதன் பயோஸ் (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) இந்தச் சில்லை அறியாது. கடையிலேயே அப்டேட் செய்து, திரையில் படம் வந்ததைப் பார்த்து வாங்க வேண்டும். தலவாக்கலைக்கு வந்தபிறகு கண்டுபிடித்தால் கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைக்குத் திரும்பிப் போக ஒரு நாள் போச்சு.

பொருட்கள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தன. இறுக மூடிய பைகளுக்குள் கொழும்பின் வெக்கைக் காற்றும் கூடவே வருகிறது. இங்கே குளிர்ந்ததும் அந்தக் காற்றிலுள்ள நீர் உள்ளேயே துளிர்க்கும். பெட்டிகளைத் திறந்து ஓரிரவு ஆறவிட்டுப் பிறகே கரண்ட் கொடுக்கப்பட்டது.

பூட்டும் வேலை ஒன்றரை மணி நேரம், பெரிய சங்கதி இல்லை. புரொசெசரின் தங்க முக்கோணத்தை சொக்கட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விழவிடுங்கள். கூடவரும் கூலருக்கு போர்டிலுள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது அடித்தகடு கீழே விழாமல் ஒரு கையால் பிடியுங்கள். நாலு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ராம் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துவாரங்களில். இரண்டே துவாரமுள்ள போர்டில் இந்தக் கேள்வியில்லை. முதல் தடவை ராமை அறிந்துகொள்ள ஒரு நிமிடம் வரை கறுப்புத் திரையாகவே இருக்கும், பதறி அணைக்காதீர்கள். பிறகு பயோஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) போடாவிட்டால் 3200 ராம் 2400லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும்.

பின்னாளில் கூலரைக் கழற்ற நேர்ந்தால், முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இந்தக் குளிரில் கூலருக்கும் புரொசெசருக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை இறுகியிருக்கும். நேராக இழுத்தால் புரொசெசரும் சொக்கட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், முள் வளையும். சூடாக்கி, அணைத்து, இடம்வலமாகத் திருகித் தூக்க வேண்டும்.

இரண்டு திரை

மேசை 4 அடி, அதாவது 122 சென்றிமீற்றர். 24 அங்குல மொனிட்டர் ஒன்று 54 சென்றிமீற்றர் அகலம். இரண்டையும் படுக்கையாக வைத்தால் 108 போய்விடும், பில் கோப்பு வைக்க இடமில்லை. ஒன்றை நிமிர்த்தினால் அதன் அகலம் 32தான். ஏ4 பில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும், மேசையில் 36 சென்றிமீற்றர் மிச்சம். படுக்கைத் திரை நேர் எதிரே, நிமிர்ந்தது இடப்பக்கம் 30 பாகை சாய்வில். இரண்டின் விளிம்பையும் மூக்குக்கு நேரே வைத்து நாள் முழுவதும் கழுத்தைத் திருப்புபவர்கள் அநேகர்.

மேசை ஓரத்தில் இறுக்கித் திரையைத் தாங்கும் மொனிட்டர் கை வாங்கவில்லை. மேசை சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திய பலகை), இங்கத்தைய ஈரத்தில் ஓரம் ஊதி, கிளாம்ப் இறுக்கிய இடம் பிஸ்கட் போல நொறுங்கும். தேக்கோ பிளைவூட்டோ என்றால் யோசிக்கலாம்.

நிமிர்ந்த திரை எச்டிஎம்ஐ, படுக்கைத் திரை டிஸ்ப்ளேபோர்ட். முதல் வாரத்தில் வந்த வினோதப் பழுது இங்கேதான்: கணினியை அணைத்தாலும் மதர்போர்ட் விளக்கு மங்கலாக எரிந்தது, மறுபடி போட்டால் எழும்பவில்லை, மொனிட்டர் பிளக்கையும் பிடுங்கினால் மட்டும் சரியானது. கேபிளின் குற்றம். டிஸ்ப்ளேபோர்ட்டின் 20ஆவது முனை 3.3 வோல்ட், மொனிட்டருக்கும் கணினிக்கும் இடையிலான கேபிளில் அதை இணைக்கக் கூடாது. தனியாக வாங்கிய மலிவுக் கேபிளில் இணைத்திருந்தார்கள். மொனிட்டர் பின்வழியாகப் போர்டுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தது. மொனிட்டரோடு வந்த கேபிளை மாட்டியதும் தீர்ந்தது.

தமிழில் எழுத, யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு பழகிய கை. கொழும்பு அலுவலகம் யுனிகோட் கேட்பதால், இலங்கை நியமமான ரெங்கநாதன் விசைப்பலகை நிறுவி, கீபோர்டில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

யூபிஎஸ்

சாதாரண வேலையில் கணினி, இரு திரை எல்லாம் சேர்த்து 90 முதல் 100 வாட். உச்சத்தில் 170 தாண்டவில்லை. 650 விஏ போதும். 1000 விஏ எடுத்தது நேரத்துக்காக. புதுப் பேட்டரியில் 41 நிமிடம் நின்றது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர வெட்டு வந்த நாடு இது. அதற்கு எந்த வீட்டு யூபிஎஸ்ஸும் ஈடாகாது, சேமித்து அணைக்க நேரம் தருவதே அதன் வேலை. லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது. உள்ளேயுள்ள சூடாக்கி ஓரிரு விநாடிக்குப் பல நூறு வாட் இழுத்து யூபிஎஸ்ஸையே விழுத்தும்.

செலவைக் குறைக்கப் பழைய பவர் சப்ளையையே முதலில் போட்டுப் பார்த்தார்கள். கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் கணினி றீஸ்டார்ட் ஆனது. பழி யூபிஎஸ் மேல் விழுந்தது. யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி விநாடி எடுக்கும். நல்ல பவர் சப்ளை 16 மில்லி விநாடி வரை தன் கொண்டென்சரிலிருந்தே தாக்குப்பிடிக்கும். பழையதின் கொண்டென்சர்கள் காய்ந்திருந்தன, மாலையில் 200 வோல்ட்டில் இன்னும் மோசம். புதியதை மாட்டியபின் பத்துத் தடவை சோதித்ததில் ஒரு தடவையும் விழவில்லை. சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போகும்.

மாலையில் யூபிஎஸ்ஸுக்குள் டக் டக் என்று றிலே அடிப்பது பழுதல்ல, குறைந்த வோல்டேஜை அது தூக்கிக் கொடுக்கும் சத்தம். நிமிடத்துக்கு நாலைந்து தடவை அடித்தால் வயரிங் மூட்டை மறுபடி பாருங்கள்.

இடி

லேன் கேபிள் இனி இல்லை. ரவுட்டர் முன்னறையின் மறுகோடியில், கணினிக்கு வைஃபை டொங்கிள். வேகம் கொஞ்சம் குறையும். மலைக்குப் பின்னால் 4ஜி தருவதைவிட டொங்கிள் வேகமாகவே இருப்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ரவுட்டருக்கு யூபிஎஸ்ஸிலிருந்து வயர் இழுத்தால் அதே கம்பி வழி மறுபடி திறக்கும் என்று, இடையில் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியே வாங்கி, வேறு பொயிண்டில் மாட்டப்பட்டது. அன்டெனா பைப்பிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்று வெளிச்சுவர் வழியாகவே இறங்கி அதே எர்த் கம்பிகளுக்குப் போகிறது. மெயின் பெட்டியில், மின்னழுத்தப் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் வகை 2 சேர்ஜ் தடுப்பான் பூட்டப்பட்டது. எர்த் சரியான பிறகுதான் அதற்கு அர்த்தமே வந்தது. இவ்வளவும் பக்கத்தில் விழும் மின்னலுக்கு. நேரே விழுந்தால் எதுவும் நிற்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பின் வானம் கறுத்தால், முதல் முழக்கத்துக்கு முன்பே யூபிஎஸ் பிளக்கும் அன்டெனா கேபிளும் கழற்றப்பட வேண்டும். மின்னல் வெட்டும்போது கழற்றப் போகக் கூடாது.

அந்த ஒக்டோபரில் ஒரு பின்னேரம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் இடித்தது. மினி யூபிஎஸ் கருகியது, ரவுட்டர் போனது. கணினி, இரு திரை, பெரிய யூபிஎஸ் மூன்றும் அப்படியே இருந்தன. புது ரவுட்டர் அதே இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. யூபிஎஸ்ஸின் முதுகில் பேட்டரி போட்ட மாதத்தை மார்க்கரால் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடம் ஆனதும் 41 நிமிடம் எவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்று தம்பி அளந்து அதன் கீழேயே எழுத வேண்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.